ஸ்கூகொக் ஏரியில் ஆறு இறாத்தல் பாஸ்: கண்டவர்கள் இருவர்

பெரிய சுவிம்பெய்ற் போட்டு லாஜ்மவுத் பாஸ் பிடிக்க ரொறன்ரோவிலிருந்து எங்கே போகலாம் என்று இந்தப் பக்கத்தை வாசிக்கிற இரண்டு மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். ஸ்கூகொக் ஏரிக்குப் போங்கள். நான் போனது 1996 ஒக்ரோபரில், தாங்ஸ்கிவிங் வார இறுதிச் சனிக்கிழமை. வருடம் பழசுதான், ஏரி அதே இடத்தில் இருக்கிறது. நான் தருகிற விலைகள் அன்றைய விலைகள்.

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. லாஜ்மவுத் பாஸ் பச்சை நிறமான நன்னீர் மீன். வாய்க்குள் ஒரு ஆளின் மூடிய கையை நுழைக்கலாம். சுவிம்பெய்ற் என்பது சிறு மீனைப் போலவே செய்து, இழுக்கும்போது உடம்பை நெளித்து நீந்துகிற பொய் இரை. அந்தக் காலத்தில் இங்கே எல்லாரும் விரல் நீள ரப்பர்ப் புழுவும் கரண்டி மாதிரியான தகட்டு இரையும் போட்டார்கள். கலிபோர்னியாக்காரர்கள் ஒரு சாணுக்கு மேற்பட்ட மர இரை போட்டுப் பெரிய மீன் பிடிப்பதை நூலக வீடியோ ஒன்றில் பார்த்தேன். அதை ஐந்து முறை இரவல் எடுத்தேன். கடையில் அந்த இரை கிடைக்கவில்லை, கிடைத்தாலும் அந்த விலை கொடுத்திருக்க மாட்டேன். பழைய வேலிப் பலகை ஒன்றில், சீடர் மரம், நானே செதுக்கினேன். ஒன்பது அங்குலம், நடுவில் ஒரு மூட்டு, வயிற்றுக்குள் ஈயம், வாலுக்குப் பழைய இடுப்புப் பட்டியின் தோல். தண்ணீர் இறங்காமலிருக்க நகப்பூச்சு பூசினேன். ஆறு போத்தல் நகப்பூச்சை ஒன்றாக வாங்கியபோது காசாளர்ப் பெண் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. இதில் எதையும் எனக்கு ஒருவரும் கற்றுத் தரவில்லை. கற்றுத் தர வந்தவர்களும் இல்லை, சிரிக்க வந்தவர்கள்தான் இருந்தார்கள்.

சிரித்தவர்களில் முதல் ஆள் என் மனைவியின் தம்பி சிவபாலன். "அத்தான், உந்தக் கட்டையால மீனைப் பிடிக்கேலாது. மண்டையில அடிச்சுக் கொல்லலாம்," என்றான். மூன்று கோடை ரூஜ் ஆற்று வாய்க்காலிலும் குளக்கரைகளிலும் எறிந்தேன். ஒரு மீன் தொடவில்லை. வெக்ஸ்போர்ட்டில் எங்கள் கட்டடத்தில் எனக்குக் 'கட்டை அண்ணை' என்று பெயர் விழுந்தது. கரையிலிருந்து எறிந்தால் சரிவராது, வள்ளத்தில் போய்ச் சாதாளை என்கிற நீர்ப்பூண்டின் ஓரமாக இழுக்கவேண்டும் என்று எனக்குத் தெரியும். வள்ளம் ஓட்டத் தெரியாது.

சூசைக்குத் தெரியும். சூசை மன்னார்ப் பக்கத்து ஆள், கத்தோலிக்கன், தகப்பனோடு கடலுக்குப் போய் வளர்ந்தவன். எங்களுக்கு இரண்டு கட்டடம் தள்ளி இருந்தான். பிறம்ரனில் ஒரு பண்டகசாலையில் வேலை. சிரிக்காத ஒரே ஆள் என்று சொல்லமாட்டேன், அவனும் சிரித்தான். ஆனால் கட்டையைக் கையில் வாங்கி, குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, இழுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"அண்ணை, சாமான் நீந்துது. ஆனா உதைத் தின்னுற மீன் எங்களைத் தின்னாமல் இருக்கவேணும்."

சிக்கல் நாளில் இருந்தது. வள்ளம் வாடகைக்கு விடுகிறவர் அந்த வார இறுதியோடு கடையைப் பூட்டுகிறார். எனக்கும் சூசைக்கும் சேர்ந்து வந்த ஓய்வுநாள் சனி ஒன்றுதான். அது கடைசிப் புரட்டாதிச் சனி. எங்கள் வீட்டில் புரட்டாதிச் சனி விரதம் கண்டிப்பு. என் மனைவி யோகம் அன்று எள்ளெண்ணெய் விளக்கு எரிப்பாள், வீட்டில் மச்சத்தின் பெயரே எடுபடாது. சிவபாலன் ஊரில் தடுப்பு முகாமில் இருந்த வருடம் அவள் நேர்ந்த நேர்த்தி அது. அந்த நாளில் நான் மீன்பிடிக்கப் போனதாக அவள் அறிந்தால் சண்டை பிடிக்க மாட்டாள். பேசாமல் விடுவாள், அதுதான் பயம். சூசை வீட்டில் சாமான் ஏற்ற உதவிக்குப் போகிறேன் என்று சொன்னேன். கமெராவை எடுக்கவில்லை. படம் கழுவி வந்தால் முதலில் பார்ப்பவள் அவள்.

காலை 5.40க்குப் புறப்பட்டோம். லோரன்ஸ் வீதியிலிருந்து 401 கிழக்கு, விற்பியில் 12ஆம் நெடுஞ்சாலை வடக்கு, பிறகு போர்ட் பெரி. அறுபத்தெட்டுக் கிலோமீற்றர், ஐம்பத்தைந்து நிமிடம். ஆறு பாகை குளிர், தூறல். வள்ளம் நாற்பத்தைந்து டொலர், பெற்றோல் எட்டு. வள்ளக்காரர் என் கையிலிருந்த இரையைப் பார்த்துவிட்டு, அதை நங்கூரமாகப் பாவிக்கப் போகிறாயா என்று கேட்டார். நான்கு மணிக்குள் வந்துவிடு என்றார்.

ஸ்கூகொக் ஆழமில்லாத ஏரி. பெரும்பகுதி இரண்டு ஆள் ஆழம்கூட வராது, காற்றுக்குச் சட்டென்று கலங்கும். ஒக்ரோபரில் சாதாளை சாகத் தொடங்கும். பச்சை மிஞ்சியிருக்கிற இடங்களைத் தேடுங்கள், பெரிய பாஸ் அங்கேதான் குளிருக்கு முன் வயிற்றை நிரப்ப நிற்கும். தடித்த தங்கூசி நூல், இருபத்தைந்து இறாத்தல் தாங்குவது. இழுவை மெதுவாக இருக்கவேண்டும். நீங்கள் மெதுவென்று நினைப்பதிலும் பாதி.

காலை முழுவதும் ஒன்றுமில்லை. அந்தக் கட்டை நாலரை அவுன்ஸ், முப்பது எறிக்குப் பிறகு தோள் விட்டுப்போகும். ஏரியில் எங்களைத் தவிர ஒரு வள்ளமும் இல்லை. கரையில் கோடைவீடுகள் பலகை அடித்து மூடிக் கிடந்தன. சூசை பின்னால் இருந்து மீன் ரோல்ஸை எடுத்தான்.

"விரதகாரருக்கு முன்னால மீன் தின்னுறியே, வெக்கமில்லையோ?"

"அண்ணை, நீங்கள் விரதத்தோட மீன் பிடிக்கிறியள். நான் விரதமில்லாமல் மீன் தின்னுறன். எங்கள் இரண்டு பேரில ஆர் நரகத்துக்கெண்டு சுவாமியாரைத்தான் கேக்கவேணும்."

"பிடிச்சால் விட்டிடுவன். கொல்லமாட்டன்."

"விடுறதோ? உயிரோட விட்ட மீன் போய் மற்ற மீனெல்லாத்துக்கும் சொல்லும். பிறகு ஒருத்தரும் வராயினம்." அதைப் பகிடியாகச் சொன்னான், முகம் பகிடியாக இல்லை. கடலில் வளர்ந்தவனுக்குப் பிடித்த மீனைத் திருப்பி விடுவது சோற்றைக் கொட்டுகிற மாதிரி.

2.20க்கு, ஒரு செத்த சாதாளைத் திட்டின் ஓரத்தில், இழுவையை நிறுத்தி இரண்டு எண்ணினேன். தண்ணீருக்குள் யாரோ கதவை அறைந்த மாதிரி இருந்தது. தடி வளைந்து வள்ள விளிம்பைத் தொட்டது. நான் கத்தியது சூசைக்கு விளங்கியிருக்காது. அவன் எஞ்சினை அணைத்து, துடுப்பால் வள்ளத்தைத் திருப்பி, மீன் சாதாளைக்குள் போகாமல் ஆழத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். அவன் அதைச் செய்திராவிட்டால் அந்த மீன் எனக்கில்லை. வலையில் கோலியதும் அவன்தான்.

கைத்தராசில் ஆறு இறாத்தல் இரண்டு அவுன்ஸ். ஒன்ராறியோவில் பலர் வாழ்நாளில் காணாத மீன். கட்டை முழுவதும் அதன் வாய்க்குள் இருந்தது, வெளியே தோல் வால் மட்டும். பல் அரம் மாதிரி, நகப்பூச்சையும் சாயத்தையும் சுரண்டி மரம் தெரிந்தது. சூசை நெஞ்சில் சிலுவை போட்டான்.

"கட்டை அண்ணை," என்றான். அந்தப் பெயரை மரியாதையாக ஒருவர் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

மீனை அவன் கையாலேயே விட்டான். அது போன பிறகும் கையைத் தண்ணீரிலிருந்து எடுக்காமல் கொஞ்சநேரம் இருந்தான். எனக்கு அந்த நிமிடத்தில் வந்தது சந்தோஷமில்லை, யோகத்தின் முகம். சூசை நாலு பேர் சேர்ந்தால் கதை சொல்லுகிறவன். ஒரு கிழமையில் கட்டடம் முழுக்கத் தெரியும், எந்தச் சனிக்கிழமை என்றும் தெரியும்.

"சூசை, அந்தோனியார்மேல சத்தியம் பண்ணு. இந்த மீனைக் கண்டதாய் ஆருக்கும் சொல்லமாட்டன் எண்டு."

"என்னண்ணை, உப்பிடியொரு மீனைப் பிடிச்சுப்போட்டு?"

"பண்ணு."

"நீங்களே கேட்டாலுமோ?" சிரித்தான்.

"நானே கேட்டாலும்."

சிரிப்பை விட்டுவிட்டுச் சத்தியம் பண்ணினான். பல் பதிந்த கட்டையையும் அவனிடமே கொடுத்தேன். எங்கள் இரண்டறை வீட்டில் யோகத்தின் கண்ணுக்கு ஒளிக்க இடமில்லை.

பயணம் அவ்வளவுதான். 3.35க்குக் கரை, ஐந்து மணிக்கு வீடு. குளித்துவிட்டு விரதச் சோறு சாப்பிட்டேன்.

அடுத்த கோடையில் சிவபாலனின் மகளின் பிறந்தநாள், வாடகைக்கு எடுத்த ஒரு ஹோலில். நாற்பது பேரளவு. சிவபாலன் மைக்கில் எல்லாரையும் பகிடி பண்ணிக்கொண்டு வந்து என்னிடம் நின்றான். "எங்கட அத்தான் கட்டையை எறிஞ்சு நாலு வருசம். குளமே மேடாகிப் போச்சு, மீன் வரேல்லை." சனம் சிரித்தது. யோகமும் சிரித்தாள். நான் எழும்பினேன்.

"ஆறு இறாத்தல் பிடிச்சனான். சூசையைக் கேள்."

சூசை சுவரோரம் தட்டோடு நின்றான். என்னைப் பார்த்தான், யோகத்தைப் பார்த்தான்.

"நான் ஒண்டும் காணேல்லை அண்ணை."

ஹோல் அதிர்ந்தது. நான் அடுத்துச் சொன்னதை எழுதாமல் விடலாம் என்று பலமுறை நினைத்தேன். "பொய்யன். கடற்கரைச் சனத்தை நம்பி வள்ளத்தில ஏறினது என்ர பிழை," என்றேன். மைக் பக்கத்தில் இருந்தது, எல்லாருக்கும் கேட்டது. சூசை தட்டை மேசையில் வைத்துவிட்டு, மனைவி பிலோமினாவைக் கூட்டிக்கொண்டு போனான். ரோல்ஸ் பாதி கடித்தபடி தட்டில் இருந்தது.

சத்தியம் எனக்கு நினைவு வந்தது காருக்குள்தான், "எப்ப பிடிச்சனீங்கள்?" என்று யோகம் கேட்டபோது. "ஆடியில," என்றேன். தொலைபேசி எடுத்துச் சூசையிடம் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்டால் ஊரறியப் பேசியதை ஊரறியத் திருப்பவேண்டும், நாளைச் சொல்லவேண்டும். அதோடு எனக்கும் ஒரு மனத்தாங்கல் இருந்தது, இன்றும் இருக்கிறது: ஒரு கண்ணசைவு காட்டியிருக்கலாம் அவன். நான் எடுக்கவில்லை. அவனும் எடுக்கவில்லை. அந்த மாரியில் பிறம்ரனுக்கு வீடு மாறினான். நாற்பத்தைந்து கிலோமீற்றர். சாமான் ஏற்ற நான் போகவில்லை.

1999 பங்குனியில், வேலைத்தலத்துக் கார் தரிப்பிடத்தில் நெஞ்சுவலி வந்து சூசை இறந்தான். ஐம்பத்தொரு வயது. சவச்சாலையில் பிலோமினா என்னைக் கண்டதும் உள்ளே போய் ஒரு சப்பாத்துப் பெட்டியைக் கொண்டுவந்தார்.

"அண்ணை, இதை உங்களிட்டக் குடுக்கச் சொல்லி எப்பவோ சொல்லி வைச்சவர். என்னெண்டு கேட்டனான். சத்தியம், சொல்லக்கூடாது எண்டிட்டார். என்னண்ணை இது?"

திறந்தேன். கட்டை. சுரண்டின பல் அடையாளம் அப்படியே இருந்தது. கொக்கிகளுக்குத் துரு பிடிக்காமல் எண்ணெய் பூசியிருந்தான். அந்தக் கட்டையை அன்று ஹோலுக்குக் கொண்டுவந்து காட்டியிருந்தால் சிரித்த வாயெல்லாம் மூடியிருக்கும். "மீனுக்குப் போடுறது," என்றேன்.

வீட்டுக்கு வந்து பெட்டியை யோகத்துக்கு முன்னால் வைத்தேன். எல்லாம் சொன்னேன், எந்தச் சனி என்பதையும். அவள் அடுப்பைக் குறைத்துவிட்டுத் திரும்பினாள்.

"எனக்கு அண்டைக்கே தெரியும். மீன் வெடுக்கோட நீங்கள் போட்டுவந்த சேட்டைத் தோய்ச்சது ஆர்?"

"பிறகேன் கேக்கேல்லை?"

"நீங்கள் சொல்லுவியள் எண்டு இருந்தனான்."

இனிப் போகிறவர்களுக்கு. பாஸ் பருவம் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது, எத்தனை வைத்திருக்கலாம் என்ற சட்டம் மாறும், போகுமுன் பாருங்கள். அனுமதிப்பத்திரம் எடுங்கள். ஒக்ரோபரில் கையுறை இல்லாமல் போகாதீர்கள். அகன்ற வாய் உள்ள வலை வேண்டும், நீண்ட குறடு வேண்டும், மீனை ஈரக் கையால் பிடியுங்கள். வள்ளம் ஓட்டத் தெரிந்தவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், மீன் வந்தால் பாதி அவருடையது என்று அங்கேயே சொல்லிவிடுங்கள். கமெரா கொண்டுபோங்கள். வீட்டில் எங்கே போகிறீர்கள் என்று உண்மையைச் சொல்லிவிட்டுப் போங்கள், எப்படியும் சேட்டு சொல்லும்.

அன்று அந்த ஹோலில் இருந்தவர்களில் சிலர் இந்தப் பக்கத்தை வாசிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். மீனை இரண்டு பேர் கண்டோம். கண்டதைச் சொல்லாதே என்று சூசையிடம் சத்தியம் வாங்கியவன் நான். அவன் அதை என்னிடமிருந்துகூடக் காப்பாற்றினான். பொய்யன் என்று நான் சொன்ன சொல் மைக்கில் உங்கள் எல்லாருக்கும் கேட்டது. இதையும் கேளுங்கள்: அந்தச் சொல் எனக்குரியது.