பிரளயத்தில் போகாத காகிதம்

முதலில் பல்லைப் பார்ப்பாள் லோகாம்பாள், ஆளை அப்புறம்தான். மட்டாஞ்சேரியில் கால்நடை டாக்டர் வீட்டுக்கு எதிரே அவளுடைய ஜெராக்ஸ் கடை. வாசலில் குதிரை வந்து நின்றால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, உதட்டை விலக்கி, "ஆ காட்டுடீ செல்லம்" என்பாள். எந்தக் குதிரையும் மறுத்ததில்லை. கூட வந்த மனிதர்கள்தான் வாய் திறக்கத் தயங்குவார்கள்.

கடற்கரையில் சவாரி விடுகிற குதிரையோ, குஜராத்தித் தெருவில் மாப்பிள்ளை சுமக்கிற குதிரையோ, கைமாறும் நேரத்தில் பதிவுக் காகிதத்தைக் காணோம் என்றால் இவளிடம்தான் வந்தாக வேண்டும். போலீஸ் புகார், முத்திரைத்தாள், டாக்டர் கையெழுத்துப் போடும் அடையாளப் படிவம் எல்லாம் இவள் எழுத்து. படிவத்தில் வெறும் கோட்டில் ஒரு குதிரை அச்சிட்டிருக்கும். நிஜக் குதிரையின் உடம்பில் எங்கெங்கே மயிர்ச்சுழி உண்டோ, அங்கங்கே பெருக்கல் குறி. மனிதனுக்குக் கைரேகை மாதிரி.

போன வியாழக்கிழமை இடக்கொச்சி செல்லப்பா ஒரு வெள்ளைப் பெட்டைக் குதிரையோடு வந்தான். வாங்குகிறவன் ஆனந்தகுமார், கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை விடுகிறவன்.

"காயிதம் பிரளயத்துல போச்சு சேச்சி," என்றான் செல்லப்பா, கண்ணைத் துடைக்காத குறையாக.

கொச்சியில் எது தொலைந்தாலும் பழி இரண்டாயிரத்துப் பதினெட்டு வெள்ளத்தின் தலையில்தான். லோகாம்பாள் பல்லை இன்னொரு தடவை பார்த்தாள்.

"எந்தப் பிரளயம்டா? பல்லே சொல்லுது, இவளுக்கு அஞ்சு வயசுகூட ஆகல. பொறக்காத புள்ளைக்குக் காயிதமா?"

செல்லப்பா கடைப் பலகையைப் படிக்க ஆரம்பித்தான்.

"என்னமாச்சும் செஞ்சு தாங்க சேச்சி," என்றான் ஆனந்தகுமார். "ஞாயித்துக்கெழம கல்யாணம். பழைய குதிரய வித்தாச்சு. காயிதம் இல்லேன்னா இன்சூரன்ஸ் இல்ல, அது இல்லேன்னா மாப்பிள்ளய ஏத்த விட மாட்டாங்க. இது தப்புனா என் சீசனே போச்சு."

லோகாம்பாள் சுழி எண்ணத் தொடங்கினாள். நெற்றியில் ஒன்று. கழுத்தில் ஒன்று. பிடரிப் பக்கம் போனதும் செல்லப்பா குறுக்கே வந்து நின்றான்.

"அங்க வேணாம் சேச்சி. அவளுக்குக் கூச்சம்."

"அவளுக்கா, உனக்கா?"

பேனாவால் பிடரிமயிரைத் தூக்கினாள். ஒட்டினாற்போல இரட்டைச் சுழி. ஆனந்தகுமாரின் முகம் தொங்கிவிட்டது. அந்த இடத்தில் இரட்டைச் சுழி இருந்தால் ஏறுகிறவனுக்கு இரண்டாம் கல்யாணம் என்பது குதிரைக்காரர்கள் நம்பிக்கை. மாப்பிள்ளைக் குதிரைக்கு இதைவிட வேறென்ன கெட்ட பேர் வேண்டும்!

"அது ஒண்ண மட்டும் விட்டுருங்க சேச்சி," என்று காதைக் கடித்தான் செல்லப்பா.

"விட்டா இவ வேற குதிரையாயிருவா. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, படத்துல இருக்கறது இவ இல்லம்பான் இன்சூரன்ஸ்காரன்." இரண்டு பெருக்கல் குறியும் அழுத்தமாக விழுந்தன.

இனி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. செல்லப்பா போய் ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கி, மடிப்புக் கலையாத அசல் காகிதத்தை எடுத்து வந்தான். அதிலும் அதே இரட்டைச் சுழி.

"பிரளயம் வடிஞ்சிருச்சு போல," என்று அதை விற்பனைத்தாளோடு சேர்த்துக் குத்தினாள் லோகாம்பாள்.

ஆனந்தகுமார் பின்வாங்கினான். "வேணாம் சேச்சி. பொண்ணு வீட்டுக்குத் தெரிஞ்சா என்னய உரிச்சிருவாங்க."

லோகாம்பாள் கொண்டை ஊசியை உருவிப் பல்லில் கடித்துக்கொண்டாள். நரைத்த கூந்தல் சரிந்தது. டியூப் லைட்டுக்குக் கீழே அவன் எதிரே தலையைக் குனித்து, உச்சி மயிரை விரலால் வகிர்ந்து காட்டினாள். அங்கேயும் இரண்டு சுழி.

"பொறந்தப்பவே சொல்லிட்டாங்க, இவளுக்கு ரெண்டு கல்யாணம்னு," என்றாள், பல்லில் ஊசியோடு. "அறுபத்திரெண்டு ஆச்சு. மொத ஆளே இன்னும் வரல."

ஆனந்தகுமாருக்குச் சிரிப்பு பீறிட்டது. அவள் குனிந்த தலையை நிமிர்த்தாமலே, இன்னொரு கையால் விற்பனைத்தாளை அவன் பக்கம் நகர்த்தினாள்.