பதினோராம் எண் தட்டின் நாற்றம்

முப்பத்து நான்கு வருடம் மலத்தை எடை போட்டு, கரைத்து, சுழற்றி, உறைய வைத்து, எண் எழுதி அடுக்கிய ஒருத்திக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை இருக்கும் என்று நீங்கள் நினைத்தால், அந்த வேலையை நீங்கள் கிட்டத்தில் நின்று பார்த்ததில்லை. மயிலாப்பூரில் எங்கள் மாடி வீட்டு மாமி வெள்ளிக்கிழமை தவறாமல் எலுமிச்சம்பழம் சுற்றித் தெருவில் போடுவார். திருஷ்டி கழிகிறதோ இல்லையோ, அது மக்கும் குப்பை, பச்சைத் தொட்டியில் போடுங்கள் என்று அவரிடம் சொன்னவள் நான். அதனால் இதைப் படித்துவிட்டு, பாவம், வயதாகிவிட்டது என்று நீங்கள் முடிவு செய்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்வேன்.

ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம், அடையாறு பக்கம் இருந்த எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்து என்னை ஆறு மாத ஒப்பந்தத்தில் திரும்பக் கூப்பிட்டார்கள். காரணம் பெருமைப்படும்படியானது அல்ல. புதிதாக வந்த பிள்ளைகள் எல்லோரும் ஆங்கிலத்தில் அழகாகக் கட்டுரை எழுதினார்கள். ஒரு தட்டு செல்லை இரண்டு வாரம் கெடாமல் வளர்க்க ஒருவருக்கும் தெரியவில்லை.

ஆராய்ச்சி குடல் அழற்சி நோயைப் பற்றியது. பெயர்தான் சாது. வந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள், ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து முறை ரத்தமும் சளியுமாகப் போகும். உடம்பைக் காவல் காக்க வேண்டிய செல்கள் சொந்தக் குடலையே எதிரி என்று எடுத்துக்கொண்டு புண்ணாக்குகின்றன. ஏன் என்று இன்னும் யாருக்கும் முழுதாகத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள நோயாளியின் குடலில் இருந்து ஒரு கிள்ளு சதை எடுத்து, அதிலுள்ள மூல செல்களைப் பிரித்து, ஜெல்லிச் சொட்டுக்குள் வைத்து வளர்ப்போம். ஒரு வாரத்தில் ரவைத் துகள் அளவுக்கு உருண்டை உருண்டையாக வளரும். ஒவ்வோர் உருண்டையும் ஒரு குட்டிக் குடல். உள்ளே குழிவு இருக்கும், சளி சுரக்கும், சில சமயம் பைய அசையும். முதன்முதலில் பார்ப்பவர்கள் அதிசயம் என்பார்கள். எனக்கு அருவருப்பாகத்தான் இருந்தது. குடல் ஒன்றாக இருக்கும்போதே போதுமான தொல்லை.

ஒப்பிட்டுப் பார்க்க நோய் இல்லாதவர்களின் சதையும் வேண்டும். வேறு ஏதோ காரணத்துக்குக் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்து, ஒன்றுமில்லை என்று ஆனவர்களிடம் கையெழுத்து வாங்கி ஒரு கிள்ளு எடுப்பார்கள். எங்களிடம் வரும்போது அதற்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். யாருடையது என்று கண்டுபிடிக்க முயல்வது குற்றம். அந்த விதியைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

பதினோராம் எண் அப்படி ஓர் ஆரோக்கியமான ஆளுடையது. எட்டு மாதம் திரவ நைட்ரஜனில் உறைந்து கிடந்ததை எடுத்து உருக்கி, ஆறு குழித் தட்டில் நானே வைத்தேன். சமர்த்தாக வளர்ந்தது. மூன்றாம் வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை தட்டுகளை உடம்புச் சூட்டில் வைத்திருக்கும் இன்குபேட்டர் பெட்டியின் கதவைத் திறந்தேன், நாற்றம் முகத்தில் அடித்தது.

என்ன நாற்றம் என்று நாகரிகமாகச் சொல்லத் தெரியவில்லை. அழற்சி நோயாளியின் மலத்துக்கு ஒரு வாடை உண்டு, பழைய ரத்தத்தின் இரும்பு வாடையும் அழுகிய பழத்தின் இனிப்பும் சேர்ந்தாற்போல. முப்பத்து நான்கு வருடத்தில் ஒருபோதும் எனக்கு அது வேறெதோடும் குழம்பியதில்லை. அது அந்தப் பெட்டிக்குள் இருக்கவே கூடாது. அந்த வாடையை உண்டாக்குவது பாக்டீரியா. எங்கள் தட்டில் பாக்டீரியா கிடையாது. ஆரோக்கியமானவரின் தட்டில் அழற்சியும் கிடையாது. தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மூடியைத் திறந்து பார்த்தேன். பதினொன்றில் இருந்துதான் வந்தது.

பக்கத்தில் விக்னேஷ் நின்றுகொண்டிருந்தான். ஆராய்ச்சி அவனுடையது. தட்டை அவன் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"எனக்கு கொரோனா வந்ததுல இருந்து வாசனையே தெரியாது மேம். எங்க அம்மா சாம்பாரும் பாத்ரூமும் ஒண்ணுதான்."

"உங்கம்மாகிட்ட சொல்லிடாதே."

முறைப்படி என்ன செய்ய வேண்டுமோ செய்தேன். நுண்ணோக்கியில் பார்த்தேன், சுத்தம். ரத்தம் கலந்த ஊட்டத் தட்டில் தடவி இரண்டு நாள் வைத்தேன், ஒரு புள்ளி முளைக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத கிருமிக்கான மூலக்கூறு சோதனையும் செய்தேன், இல்லை என்றே வந்தது. காகிதத்தில் பதினோராம் எண்ணைப் போல் சுத்தமான தட்டு அந்தக் கூடத்தில் இல்லை. கதவைத் திறந்தால் அதே நாற்றம்.

அந்த வாடை தெரிந்த இன்னொரு ஆள் ஸ்டெல்லா. பட்டினப்பாக்கத்தில் இருந்து வருபவள், நாற்பது வயது இருக்கும், ஆராய்ச்சிக்கூடத்தில் எங்கள் மாடியைத் துடைத்துச் சுத்தம் செய்பவள். வியாழக்கிழமை துடைப்பத்தோடு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னா மேடம், உள்ளயே யாராச்சும் வெளிக்குப் போய்க்கினாங்களா?"

"உனக்கும் தெரியுதா?"

"மீன் விக்கிற வூட்ல பொறந்தவ நானு. நாத்தத்துல நேத்து மீனு, முந்தாநேத்து மீனுன்னு பிரிச்சு சொல்லுவேன்." கிட்டே வந்தாள். தட்டைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. "இது யாரோடது மேடம்?"

"பதினொண்ணாம் நம்பர். அதுக்கு மேல எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது."

"இது என் நாத்தம் மேடம்."

நான் ஓர் அடி பின்னால் நகர்ந்தேன். அதை அவள் பார்த்தாள்.

தாழ்ந்த குரலில் சொன்னாள். போன வருடம் மலத்தில் கொஞ்சம் ரத்தம் போயிருக்கிறது. குழாய் விட்டுப் பார்த்து, வெறும் மூலம், மற்றபடி குடல் நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். அப்போது இந்த ஆராய்ச்சிக்காகக் கையெழுத்துக் கேட்டார்களாம், நாம் துடைக்கிற இடம்தானே என்று போட்டுக் கொடுத்திருக்கிறாள். அப்புறம் ஏழெட்டு மாதம் வயிறு அவ்வப்போது சில்லென்று இருக்குமாம், மற்றபடி நன்றாகத்தான் இருந்தாள். இந்தச் செவ்வாய்க்கிழமையில் இருந்து மறுபடி ரத்தம், இந்த முறை நிறைய, வயிற்றைக் கிள்ளிக்கொண்டு.

"டாக்டர்கிட்ட போனியா?"

"மூலம்னுதானே சொல்லுவாரு. எத்தினி ஆம்பளைங்க முன்னாடி குப்புறப் படுக்கறது மேடம்?" பிறகு தட்டைக் காட்டினாள். "அத்த ஒண்ணும் பண்ணிடாதீங்க. எனக்கு இன்னாவோ பயமா கீது."

மொத்தம் பதினோரு ஆரோக்கியமான ஆட்கள். அதில் இவளுடையது எது என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் அவளுக்குச் சொன்ன பதில் எனக்கு இன்றும் ஒரு வார்த்தை மறக்கவில்லை. "ஸ்டெல்லா, போய் டாக்டரைப் பாரு. தட்டு விஷயத்தை நாங்க பாத்துக்கறோம்." சொல்லும்போதே மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

காரணம் தெரியாமல் வாடை வரும் தட்டுக்கு விதி ஒன்றுதான். அன்றன்றே கலந்த பிளீச் கரைசலை ஒவ்வொரு குழியிலும் ஊற்றி, அரைமணி வைத்து, நீராவிக் கொப்பரைக்கு அனுப்ப வேண்டும். அந்த விதியை எழுதியவளும் நானே. மறுநாள் காலை பதினொரு மணிக்கு, நல்ல வெளிச்சத்தில், இரட்டைக் கையுறை போட்டு உட்கார்ந்தேன். முதல் குழி. இளஞ்சிவப்பு ஊட்டத் திரவம் வெளுத்தது, உருண்டைகள் சுருங்கின. இரண்டாவது. மூன்றாவதில் ஊற்றிக்கொண்டிருக்கும்போது நடைக்கூடத்தில் ஒரு சத்தம். கத்தல் என்று சொல்ல மாட்டேன். சூடான எண்ணெய் கையில் பட்டால் வாயில் இருந்து வருமே, அது.

ஸ்டெல்லா கழிப்பறை வாசலில் வாளியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "எரியுது மேடம், உள்ள எரியுது" என்றாள். கீழே தரையெல்லாம் ரத்தம்.

நான் செய்யக் கூடாததை அப்போது செய்தேன். ஓடிப்போய், பாதி அழித்த அந்தத் தட்டை மூடி, இன்குபேட்டருக்குள் திரும்ப வைத்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். விக்னேஷ் ஆட்டோ பிடித்தான், நான் அவளோடு ஏறினேன். சைதாப்பேட்டை பாலத்தில் நெரிசல். என் புடவையெல்லாம் அந்த வாடை, இனிப்பும் இரும்பும். முகத்தை வெளியே திருப்பிக்கொண்டே வந்தேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, வலியில் துடிப்பவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் நினைத்தது புடவையைப் பற்றித்தான்.

இரண்டு நாள் கழித்துக் குழாய் விட்டுப் பார்த்த மருத்துவர், வெளியே என்னிடம் வந்து பேசினார். இடப் பக்கம் முழுக்கப் புண், வலப் பக்கம் சுத்தமாக நன்றாக இருக்கிறது, நடுவில் பென்சிலால் கோடு போட்டது போல் நிற்கிறது என்றார். அது அதிசயமில்லை. இந்த நோய் கீழிருந்து ஏறி ஓரிடத்தில் சட்டென்று நின்றுவிடும், புத்தகத்தில் இருக்கிறது, அந்தப் புத்தகம் எனக்கும் தெரியும். அடுத்து அவர் கேட்டதுதான் புத்தகத்தில் இல்லை.

"இவங்க ஹவுஸ்கீப்பிங்தானே? பிளீச், ஆசிட் ஏதாவது எனிமா மாதிரி எடுத்துக்கிட்டாங்களா? சிலர் மூலத்துக்குன்னு வீட்லயே ஏதேதோ பண்ணிடறாங்க. சில இடத்துல கெமிக்கல் பட்ட மாதிரி வெந்து போயிருக்கு."

உள்ளே கட்டிலில் இருந்து ஸ்டெல்லா கேட்டுவிட்டாள். "நான் இன்னா பைத்தியமா சார்? தரைக்கு ஊத்தறத எங்கயாச்சும் ஊத்திக்குவேனா? மேடம், நீங்க சொல்லுங்க மேடம்!"

மேடம் என்ன சொல்வது? நேற்று முன்தினம் ஒரு பிளாஸ்டிக் தட்டில் மூன்று குழியில் நான் ஊற்றினேன் என்றா? கைப்பையில் எதையோ தேடினேன். அவளுடைய சீட்டில் மருத்துவர் ஏதோ எழுதினார். அதற்குப் பிறகு அந்த ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு நர்ஸும் அவளுக்குப் புத்திமதி சொன்னார்.

மருந்து கொடுத்தார்கள். அடங்க மூன்று மாதம் ஆயிற்று. குடலை வெட்டி எடுக்க வேண்டி வரலாம் என்று இரண்டு முறை சொன்னார்கள், இரண்டு முறையும் தள்ளிப்போயிற்று. அந்த மூன்று மாதமும் நான் ஒருநாள் விட்டு ஒருநாள் மயிலாப்பூரில் இருந்து பஸ் பிடித்து வந்து, மிச்சமிருந்த மூன்று குழிக்கும் என் கையாலேயே தீனி மாற்றினேன். இறந்த மூன்றையும் அப்படியே விட்டிருந்தேன், காலி செய்யத் தைரியமில்லை. நாற்றம் ஸ்டெல்லாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே நின்றிருந்தது. பதிவேட்டில் "கூர்நோக்கில்" என்று எழுதி வைத்தேன். பதினோராம் எண் யாருடையது என்று திறந்து பார்க்கக் கேட்டு விண்ணப்பம் போட்டிருக்கலாம். போடவில்லை. வேறு யாருடையதோ என்று வந்தால் எனக்கு நிம்மதி வந்துவிடுமா என்ன?

மே மாதம் ஒப்பந்தம் முடிந்தது, ஆராய்ச்சியும் முடிந்தது. உயிரோடிருக்கும் தட்டுகளை ஒன்று அழிக்க வேண்டும், அல்லது உறைய வைக்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. மூன்றாவது வழி கிடையாது. அழிக்க என்னால் முடியாது. வியாழக்கிழமை மத்தியானம் மூன்று குழியையும் ஒரே குப்பிக்கு மாற்றி, நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் குளிர வைக்கும் பெட்டியில் இட்டு, மறுநாள் நைட்ரஜன் கலத்தின் அடித்தட்டில் இறக்கினேன். விக்னேஷ் பார்த்துக்கொண்டிருந்தான். "இத ஏன் மேம் வெக்கறீங்க? பாதி செத்த ப்ளேட்டு." "மீதி சாகலையே" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பட்டினப்பாக்கத்துக்குப் போனேன். மன்னிப்புக் கேட்பதாகத்தான் எண்ணம், பஸ் இறங்கும்போது அது ஆரஞ்சுப் பழம் கொடுத்துவிட்டு வருவதாகக் குறைந்திருந்தது. ஸ்டெல்லா தேறியிருந்தாள், கன்னத்தில் சதை வைத்திருந்தாள். கத்திரி வெயில், கரண்ட் வேறு இல்லை, அந்தச் சின்ன அறையில் மூச்சு விடவே வியர்த்தது. அவள் போர்வை சுற்றி உட்கார்ந்திருந்தாள்.

"வலி ஒண்ணும் இல்ல மேடம். சாப்பாடு நல்லா எறங்குது. ஆனா வியாயக்கெயமைல இருந்து இந்தப் பக்கம் மட்டும் சில்லுனு கீது. டாக்டரு ஒண்ணுமில்லன்றாரு. தொட்டுப் பாரு மேடம்."

கையுறை இல்லாமல் இன்னொருவர் வயிற்றை நான் தொட்டது கிடையாது. தொட்டேன். இடப் பக்கம் சாதாரணச் சூடு. தொப்புளைத் தாண்டி வலப் பக்கம் கை வைத்ததும் இழுத்துக்கொள்ளத் தோன்றியது, ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த சொம்பு மாதிரி இருந்தது. அவள் விடவில்லை, என் கையின் மேல் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

"நீங்கோ படிச்சவங்கோ. இது இன்னா மேடம்?"

"வாயு" என்றேன்.

அவள் நம்பினாள். பெருங்காயம் போட்டு மோர் குடிக்கிறேன் என்றாள். நான் வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபோதுதான் கவனித்தேன், உள்ளங்கை இன்னும் சில்லிட்டிருந்தது, அதில் பொட்டுப் பொட்டாக ஈரம் பூத்திருந்தது. மே மாதம், யாருக்கும் வியர்க்கும். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, நம்பினால் நம்புங்கள், அந்த உள்ளங்கையை நாக்கால் தொட்டுப் பார்த்தேன். வியர்வை என்றால் உப்புக் கரிக்க வேண்டும். கரிக்கவில்லை.