நான் அடைத்த ஓட்டைகள்

பூனாகலையில் எங்கள் புது வீட்டுக்குப் பின்னால் பெரிய மண்மேடு. அது சரியாமலிருக்க மேசன் ஒருவர் கல் மதில் கட்டித் தந்தார். மதிலின் அடியில் அவர் ஏழெட்டு ஓட்டைகள் விட்டிருந்தது வேலைக் குறையாகவே எனக்குப் பட்டது. அவரிடம் கேட்காமல், நானே சிமெந்து குழைத்து எல்லாவற்றையும் அடைத்தேன்.

ஐப்பசி மழையில் மதில் வீட்டுப் பக்கம் பிதுங்கியது. பயந்துபோய்ப் பிள்ளைகளை அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டு மேசனை அழைத்தேன்.

"ஓட்டையெல்லாம் எங்கங்க?"

"நான்தாண்ணே அடைச்சேன்."

ஓரமாக நின்று உளியால் ஒன்றைத் திறந்தார். சேற்றுத் தண்ணீர் பீறிட்டு அவர் சட்டையை நனைத்தது.

"மேட்டுக்குள்ள இவ்வளவு தண்ணியா?"

"அது வெளிய போகத்தாங்க வழி விட்டேன். சொல்லாமப் போனது என் தப்புங்க."

மதிலை மறுபடி கட்டியபோது பக்கத்திலேயே நின்று, "இது ஏண்ணே?" என்று கல்லுக்குக் கல் கேட்டேன். சலிக்காமல் சொன்னார். முதல்முறையே கேட்க எனக்கு ஏன் தோன்றவில்லை என்பதுதான் இன்னும் புரியவில்லை.