தூணடியில் விரித்த சாரம்

மகளின் பள்ளிக்கூட வேலைக்காக புலம்பெயர்ந்து நாங்கள் வாழும் மோர்டென்ஸ்ருட்டிலிருந்து ரயிலேறி ஓவியக்கூடத்துக்குப் போயிருந்தோம். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓவியம் ஒன்றில், தேவாலயத் தூணடியில் ஓர் ஏழைத் தாய் பிள்ளைகளோடு ஒதுங்கியிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் கல்தரை வெறுமையாகக் கிடந்தது.

"அம்மா, அதிலை ஏன் ஒருத்தரும் இருக்கேல்லை?" என்றாள் மகள்.

ஊரில் சண்டை நடந்தபோது எனக்கு ஒன்பது வயது. ஷெல்லடிக்குப் பயந்து ஊரே மாதா கோயிலுக்குள் கிடந்தது. மெழுகுதிரிப் புகையும் ஈரத்துணியும் ஒன்றாக மணத்தன. மாட்டை அவிழ்த்துவிட வீட்டுக்குப் போன அப்பாவுக்காக, அம்மா தூணடியில் அவர் இடுப்பில் உடுத்தும் சாரத்தை விரித்து இடம் பிடித்து வைத்திருந்தார். நாங்கள் அதில் கால்கூட நீட்டக் கூடாது. இடம் கேட்டவர்களிடமெல்லாம், "அவர் இப்ப வந்திடுவார்" என்றார்.

நான்காம் நாள் ஒரு பிள்ளைத்தாச்சி மழையில் நனைந்தபடி உள்ளே வந்தாள். அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாரத்தை உதறி, நாலாய் மடித்து, மடியில் வைத்துக்கொண்டார்.

"இதிலை இரு, பிள்ளை. இந்த இடத்துக்கு ஆக்கள் இல்லை."

அப்பாவைப் பற்றி அதற்குமேல் யாரும் எங்களுக்கு எதுவும் சொல்லவில்லை.

மகள் இன்னும் என் முகத்தைப் பார்த்தபடி நின்றாள்.

"ஆரோ வருவினம் எண்டு விட்டு வைச்சிருக்கிறா," என்றேன்.