கறந்த சூடு

போன வாரம் ஒரு கல்யாணத்துக்காகப் பழைய ஊருக்குப் போயிருந்தேன். தெருமுனையில் தனியார் பால்வண்டி. ஒரு பெண்ணின் வாளியில் மீட்டரை விட்டுப் பார்த்த பையன், "தண்ணிப் பாலு, வேண்டாம்" என்று திருப்பிக் கொடுத்தான். "இப்பத்தேன் கறந்தேன் தம்பி" என்றார் அவர். பச்சைப்பால் வாசம் மூக்கில் ஏறியது. எனக்குப் பழைய வெட்கமும் ஏறியது.

தொண்ணூற்றெட்டோ தொண்ணூற்றொன்பதோ. காமயகவுண்டன்பட்டிப் பக்கத்து அந்த ஊரில் பெண்களே நடத்திய பால் சொசைட்டி இருந்தது. நான் அங்கே புது டெஸ்டர். பாலில் லாக்டோமீட்டரை மிதக்கவிடுவேன். இறங்கினால் தண்ணீர் கலந்த பால். கையில் ஒரு கண்ணாடிக்குழாய் வந்ததும் எனக்குக் கலெக்டர் நினைப்பு.

முத்துப்பேச்சி அக்காவுக்குச் சொசைட்டிக்கு அடுத்த வீடு. நான் சேர்ந்த மூன்று நாளும் அவர் பாலில் மட்டும் மீட்டர் இறங்கியது. வரிசையில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன்: "அக்கா, இது தண்ணி ஊத்துன பாலு."

அக்கா முகம் செத்துப்போனது. திராட்சைத் தோட்டத்துக் கூலிவேலைக்குப் போய்க்கொண்டே ஒற்றை மாட்டை வளர்த்தவர். குற்றம் உறுதியானால் உறுப்பினர் பேரையே அடித்துவிடுவார்கள். "எம் மாட்ட வந்து கறந்து பாரு ஆத்தா. அப்பறம் பேசு" என்றார்.

சந்தேகம் வந்தால் எல்லார் முன்னாலும் கறந்து பார்க்கிற வழக்கம் அங்கே உண்டு. மறுநாள் காலை வரிசையில் நின்ற அத்தனை பெண்களும் வாளிகளைக் கீழே வைத்துவிட்டு அக்காவின் தொழுவத்துக்கு வந்தார்கள். கறந்ததும் மீட்டரை விட்டேன். இறங்கியது. மடியிலேயா தண்ணீர் ஊற்றியிருப்பார்?

"செத்த ஆறட்டும் தாயி" என்றார் சொசைட்டித் தலைவரம்மா. சாணி வாசத்தில் எல்லாரும் காத்து நின்றோம். மறுபடி விட்டேன். சரியாக நின்றது.

மற்றவர்கள் பால் தோட்டத்திலிருந்து வருவதற்குள் ஆறிவிடும். அக்கா பால் நாலு எட்டில் கறந்த சூட்டோடு வந்துவிடும். சூட்டில் மீட்டர் இறங்கும் என்று பயிற்சியிலேயே சொன்னார்கள், நான்தான் கவனிக்கவில்லை. அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டேன்.

"விடு. பக்கத்துல குடியிருக்கது என் குத்தந்தேன்" என்றார். அன்றிலிருந்து, அடுத்த வீட்டிலிருந்து வந்து வரிசையில் கடைசி ஆளாக நின்றார்.

சொசைட்டி மூடிப் பல வருடமாகிறது. அந்தப் பையனிடம் போய், "கொஞ்சம் ஆறட்டும், மறுபடி பாருப்பா" என்றேன்.

"அடுத்த ஊருக்கு நேரமாச்சுக்கா" என்று வண்டியை எடுத்துவிட்டான். சுற்றிப் பார்த்தேன். கூட நிற்க வேறு யாரும் இல்லை. அந்தப் பெண் சூடு ஆறாத வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.