இனிப்பு நீர் என்று தேடியவர்கள்

சுங்கை பட்டாணியில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருக்கிறது. கீழே டயர் கடை. வேலைக்குப் போகிறவர்கள் ஓய்வு நேரத்தில் தமிழிலேயே படிப்பதற்காக, வீட்டில் நோயாளிகளைப் பராமரிப்பது பற்றிய பாடங்களை இணையத்தளமாகக் கட்டுவது என் பொறுப்பு. பாடங்களை எழுதியவர் தாதியருக்கு வகுப்பெடுக்கும் விரிவுரையாளர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், வீடு அலோர் ஸ்டார் மெர்கோங்கில். என்னைவிட இளையவர்தான் என்றாலும் நான் அவரை சார் என்பேன். அவருக்கு நான் அக்கா.

எங்களுக்குள் முதல் தகராறு தடித்த எழுத்தால் வந்தது. அவர் அனுப்பிய பாடத்தில் நோயின் பெயர் தடித்த எழுத்தில் இருந்தது. ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டிய அறிகுறியும் அப்படியே இருந்தது. தேர்வில் வரும் என்று அவர் நினைத்த வரியும் அப்படித்தான்.

“சார், இந்த போல்ட் எல்லாம் எதுக்கு?”

“முக்கியம்னு அர்த்தம் லா, அக்கா.”

“படிக்கிற ஆளு பாத்துப் புரிஞ்சுக்குவாங்க. கம்ப்யூட்டருக்கு எது எச்சரிக்கை, எது விளக்கம்னு எப்படித் தெரியும்?”

ஒரு வரி எப்படித் தெரிய வேண்டும் என்பதை எழுதாமல், அது என்ன என்பதை எழுதி வைப்பதுதான் என் வேலை. ஒவ்வொரு பத்திக்கும் முன்னும் பின்னும் ஒரு குறி இருக்கும். விளக்கம் இங்கே தொடங்கி இங்கே முடிகிறது, எச்சரிக்கை இங்கே, பயிற்சி இங்கே என்று அது சொல்லும். படிப்பவர் கண்ணுக்கு அந்தக் குறிகள் தெரியாது. ஆனால் எச்சரிக்கைகளை மட்டும் தேடிக் கொடு என்றால் கம்ப்யூட்டர் கொடுக்கும். இதைச் சொன்னபோது அவருக்குச் சலிப்பாக இருந்தது. இருந்தாலும் சனிக்கிழமைகளில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இந்த வரி என்ன, அந்த வரி என்ன என்று நான் கேட்கக் கேட்க, சில இடங்களில் அவருக்கே பதில் தெரியவில்லை. அந்த இடங்களைத் திருப்பி எழுதினார். பாடங்கள் தெளிவானது அப்போதுதான்.

தளத்தைத் திறந்துவிட்ட பிறகு, எதுவும் கிடைக்காமல் போன தேடல்களைப் பார்த்தேன். ‘இனிப்பு நீர்’ என்று பலர் தேடியிருந்தார்கள். எங்களிடம் நீரிழிவைப் பற்றி நீளமான பாடம் இருந்தது. அந்தப் பாடத்தில் இந்தச் சொல் ஒரு தடவைகூட வரவில்லை. சுங்கை லாலாங்கில் எங்கள் வீட்டிலும் அந்த நோய்க்கு வேறு பெயர் கிடையாது. அம்மாவுக்கு இருந்தது இனிப்பு நீர்தான்.

சாரிடம் சொன்னேன். அவர் முகம் இறுகிவிட்டது.

“அக்கா, நான் படிச்சதெல்லாம் மலாய்லயும் இங்கிலீஷ்லயும். இந்தத் தமிழ்ச் சொல் ஒவ்வொன்னையும் நானா தேடித் தேடிக் கத்துக்கிட்டேன். இப்ப வாய்க்கு வந்ததையெல்லாம் பாடத்துல போடச் சொல்றீங்களா?”

அவர் கோபம் எனக்குப் புரிந்தது. அதனால் ஒரு நடுவழி சொன்னேன். ‘மாற்றுச்சொல்’ என்று ஒரு குறியை வைப்போம், வீட்டில் வழங்கும் பெயரை அதற்குள் போடுவோம். தேடினால் பாடம் கிடைக்கும், படிப்பவர் கண்ணுக்கு அந்தச் சொல் தெரியாது. பாடம் கெடாது என்றதும் சம்மதித்தார். இனிப்பு நீரோடு, தன் அப்பா சொல்லும் ‘சலரோகம்’ என்பதையும் போடச் சொன்னார். தேடல் சரியாகிவிட்டது என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

பிறகு ஒரு நாள் மெர்போக்கிலிருந்து ஒரு பெண் போன் செய்தார். கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டு எங்களிடம் படிப்பவர். மாமியாரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்.

“அக்கா, இனிப்பு நீர்னு தேடுனேன். நீரிழிவுன்னு ஒரு பாடம் வந்துச்சு. ஒண்ணுக்குப் போறதுல ஏதோ பிரச்சனை போலன்னு மூடிட்டேன். உள்ளயும் பாத்தேன், நான் கேட்ட பேரே இல்லியே?”

“அதேதான்மா இது. ரெண்டும் ஒண்ணுதான்.”

“அப்படியா? மாமிக்குக் கால் விரல் இடுக்குல சின்னப் புண்ணு இருக்கு. அதுக்குத்தான் தேடுனேன்.”

போனை வைக்காமலே அந்தப் பாடத்தின் எச்சரிக்கைப் பகுதியைத் திறக்கச் சொன்னேன். காலில் வரும் புண்ணைச் சின்னது என்று விட்டுவிடக் கூடாது என்று அங்கே இருந்தது. அவர் வாய்விட்டுப் படித்தார். பாதியில் குரல் தணிந்துவிட்டது. மறுநாள் லீவு போட்டு மாமியாரை கிளினிக்கிற்குக் கூட்டிப்போனார். நல்ல வேளை, புண் ஆழமாகவில்லை. சுத்தம் செய்து கட்டுப் போட்டு அனுப்பினார்களாம்.

ஆனால் என் மனம் ஆறவில்லை. அந்தப் பெண் தேடிய சொல்லை வாங்கிக்கொண்டு பாடத்தைக் காட்டியிருக்கிறோம். அதுதான் இது என்று பாடத்தில் எங்கும் சொல்லவில்லை.

சனிக்கிழமை சார் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். அவர் நீரிழிவுப் பாடத்தைத் திரையில் திறந்தார்.

“அந்தப் பாடத்த எழுதி முடிச்சதும் அப்பாகிட்டக் காட்டுனேன்,” என்றார். “எனக்கு இருக்குற சலரோகத்தப் பத்தி ஒண்ணும் எழுதலியான்னு கேட்டாரு. நான் சிரிச்சுட்டேன்.”

“இப்ப என்ன சார் செய்யலாம்?”

“வெளிய தெரியட்டும், அக்கா. எல்லாப் பாடத்தையும் திரும்ப எழுதணுமா?”

தேவையில்லை என்றேன். சொற்கள் ஏற்கெனவே குறிக்குள் இருந்தன. அவற்றை மறைக்கும் விதி ஒரே இடத்தில் இருந்தது. அதை மாற்றியதும் ஒவ்வொரு பாடத்தின் தலைப்புக்குக் கீழும் ‘வீட்டில் இப்படியும் சொல்வார்கள்’ என்று ஒரு வரி வந்தது. அவர் தன் கைப்பேசியில் ஒவ்வொரு பாடமாகத் திறந்து பார்த்தார்.

பாடக்குழுவின் தலைவருக்கு இது பிடிக்கவில்லை. பேச்சுத் தமிழைப் பாடத்தில் வைக்கலாமா என்று கூட்டத்தில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சார் பதில் சொன்னார்.

“பரீட்சையில நீரிழிவுன்னே எழுதட்டும். ஆனா வீட்டுல இருக்குற நோயாளி அப்படிச் சொல்ல மாட்டாங்களே. பாத்துக்கிற ஆளுக்கு ரெண்டும் தெரியணும்.”

அந்த வரி இருக்கட்டும் என்று தலைவர் விட்டுவிட்டார்.

இப்போது படிப்பவர்களே சொற்களை அனுப்புகிறார்கள். பாதி மலாய்ச் சொற்கள். சார் ஒவ்வொன்றையும் விசாரித்த பிறகே சேர்க்கிறார். போன வாரம் ‘காத்து’ வந்தது. வயிற்று உப்புசமா, நெஞ்சு வலியா, கைகால் விழுந்துபோவதா? எங்கள் ஆட்கள் எல்லாவற்றுக்கும் காத்து என்பார்கள். எந்தப் பாடத்தில் சேர்ப்பது என்று மத்தியானம் முழுக்க வாதாடினோம். கடைசியில் மூன்றிலும் சேர்த்தோம். அந்தச் சொல்லைத் தேடுபவர்களுக்கு மூன்று பாடங்களின் எச்சரிக்கைகளும் முதலில் வரும்படி அமைத்தேன்.

“நெஞ்சு வலிய மேல வைங்க, அக்கா,” என்றார் சார்.

மேலே வைத்தேன்.