பச்சை டின்னில் எழுதியிருந்தது

காரின் சூடான இஞ்சினிலிருந்து உருவிய எண்ணெய் அளவுக் கம்பியைத் துணியில் துடைக்குமுன் அப்பா அதன் நுனியை விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்ப்பார். அப்போது எழும் கருகிய வாடை கிள்ளானில் எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளம் முழுக்கப் பரவி, பள்ளிக்குக் கிளம்பி நிற்கும் என் வெள்ளைச் சட்டையிலும் ஒட்டிக்கொள்ளும்.

அந்தக் கார் என்னைவிட மூத்தது. எங்கள் புளோக்கிலிருந்து ஐந்து பிள்ளைகளை என்னோடு சேர்த்து அடைத்து ஏற்றித் தமிழ்ப் பள்ளியில் இறக்குவதும் மதியம் திரும்ப அழைத்து வருவதும்தான் அப்பாவின் தொழில். "அந்தக் காரு படுத்துச்சுன்னா நாமளும் படுத்துக்க வேண்டியதுதான்" என்பார் அம்மா.

சில மாதங்களுக்கு ஒருமுறை செல்வம் அங்கிளின் தகரக் கொட்டகைப் பட்டறையில் அதற்கு 'டியூன்-அப்' நடக்கும். பிளக்குகளை மாற்றி, பிளக்குக்குத் தீப்பொறி தரும் பாயிண்டின் இடைவெளியைச் சரிபார்த்து, கடைசியில் தேன்போலக் கெட்டியான 'மினியாக் ஹீத்தாம்' ஊற்றுவார். எங்கள் ஊரில் இஞ்சின் எண்ணெய்க்கு அந்த மலாய்ப் பெயர்தான். "பழைய இஞ்சினுக்குக் கெட்டி எண்ணெய்தான்லா. உள்ள இருக்குற அழுக்கக் கிளறக்கூடாது. அதுதான் ஓட்டைய அடைச்சிக்கிட்டு இருக்கு" என்பது அவர் வழக்கமாகச் சொல்வது.

நான் ஐந்தாம் ஆண்டில் இருந்தேன், ஆங்கிலத்தில் வகுப்பிலேயே முதல். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன் யாரும் பள்ளியை முடித்ததில்லை. அப்பாவுக்குத் தம் பெயரை மட்டும் எழுதத் தெரியும். அந்த முறை டியூன்-அப்புக்குச் சாமான் வாங்கப் போன உதிரிபாகக் கடையில், இஞ்சின் கழுவும் மருந்து இருந்த ஒரு பச்சை டின்னை எடுத்து, பல வருட அழுக்கைக் கழுவிப் பழைய இஞ்சினைப் புதிதாக்கும் என்று அதில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்ததை ஒரு வரி விடாமல் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். புது வண்டிகளுக்கு ஊற்றும் மெல்லிய எண்ணெயையும் நானே தேர்ந்தெடுத்தேன்.

"பாப்பா டின்னப் படிச்சிருக்கு. இஞ்சினப் படிக்கலயே" என்றார் பட்டறையில் செல்வம் அங்கிள்.

"நீ எத்தனாவது வரைக்கும் படிச்ச, செல்வம்? எம்பொண்ணு சொல்றத ஊத்து" என்றார் அப்பா.

"சரி போஸ். உங்க காரு, உங்க பொண்ணு."

முதல் வாரம் கார் பூனைபோல ஓடியது. அப்பா பார்ப்பவரிடமெல்லாம் என் படிப்பைப் பற்றிச் சொன்னார். இரண்டாம் வாரம், காலையில் சாவியைத் திருப்பியதும் உள்ளே ஏதோ 'டக் டக்' என்று தட்டத் தொடங்கியது. சமிக்ஞை விளக்குகளில் நிற்கும்போது ஸ்டியரிங்குக்கு முன்னால், எண்ணெய் ஓட்டம் குறைந்தால் எரியும் சிவப்பு விளக்கு ஒருகணம் எரிந்து அணைந்தது. பிறகு இரண்டு கணம்.

"எதாச்சும் சத்தம் கேக்குதாம்மா?" என்று ஒருநாள் அப்பா கேட்டார்.

"இல்லப்பா" என்றேன். கேட்டது; இரவில் பாயில் படுத்தாலும் கேட்டது. தவறு என்னுடையது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மழை பெய்த ஒரு திங்கட்கிழமைக் காலையில் ஆற்றுப் பாலத்தின் நடுவே அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தது, அணையவில்லை. இரும்பு இரும்பைக் கடிப்பதுபோல ஒரு சத்தத்துடன் இஞ்சின் இறுகி, கார் நின்றுவிட்டது. பின்னாலிருந்து துறைமுக லோரியின் ஹார்ன் நெருங்கிக்கொண்டே வந்தது. திரும்பிப் பார்த்தேன், பின்கண்ணாடி முழுவதையும் லோரியின் முகம் அடைத்திருந்தது. ஒரு சாண் இடைவெளியில் நின்றது. தூங்கிக்கொண்டிருந்த சின்னப் பையன் விழித்து, "அங்கிள், ஸ்கூல் வந்திருச்சா?" என்றான். 

பட்டறையில் செல்வம் அங்கிள் இஞ்சினின் அடித்தட்டைக் கழற்றினார். நான் ஊற்றச் சொன்ன மருந்து கழுவிய அழுக்கெல்லாம் கீழே இறங்கி, எண்ணெய் இழுக்கும் சல்லடையைத் தார்போல மூடியிருந்தது. அதை விரலால் வழித்து அப்பாவிடம் காட்டினார், என்னைப் பார்க்கவில்லை. "பழைய இஞ்சின், அதோட காலம் முடிஞ்சிருச்சு" என்று அப்பா எல்லோரிடமும் சொன்னார். பிள்ளைகளின் தாய்மார் வேறு வேன் பார்த்துக்கொண்டார்கள். அப்பா பூச்சோங்கில் ஒரு கொண்டோ குடியிருப்பின் வாசலில் காவலுக்குப் போனார். வீட்டில் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டுவார்கள் என்று வெகுநாள் காத்திருந்தேன். காரை ஓட்டிய அப்பாவுக்கு அந்த 'டக் டக்' எனக்கு முன்பே கேட்டிருக்கும் என்பதும், உண்மை என் வாயால் வரட்டும் என்றே அவர் கேட்டிருப்பார் என்பதும் புரியப் பல வருடங்கள் ஆயின.

இப்போது நான் பிரிக்பீல்ட்சில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் நாள் முழுக்க ஒப்பந்தங்களைப் படிக்கிறேன். அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைப்பதில்லை. பட்டறை இருந்த இடத்தில் ஒரு கட்டடத்தின் கார் நிறுத்துமிடம் எழும்பிவிட்டது. பாயிண்ட் வைத்த பழைய வண்டிகளைச் சாலையில் காண்பதே அரிது.

போன வாரம் அப்பாவைக் கிள்ளானில் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். இரத்தப் பரிசோதனை முடிவு ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் வந்தது. படித்துச் சொல்ல நான் கையை நீட்டினேன். அவர் தாளை மடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து முகப்பில் இருந்த தாதியிடம் போனார்.

"மிஸ்ஸி, இதுல என்னா போட்டிருக்கு, கொஞ்சம் படிச்சு சொல்லுங்க."

தாதி தாளைப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள்.